வாக்மேனுக்கு வைத்தியம்

அந்த வாக்மேனில் காதுக்கருவி மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அத்திம்பேர் அதை என் கையில் கொடுத்து, "நாளைக்கு உன் ஆம்படையானும் நீயுமா சேர்ந்து பாட்டு கேக்கலாம்" என்றார். ஆம்படையான் என்று ஒருவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத நேரம் அது. இரண்டாவது துளையில் மாட்டிக்கொள்ளப் போவது யார் என்பது மட்டும் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பாலக்கரை அக்காதான்.

அக்கா என்பது உறவுமுறை அல்ல. அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்குப் போகும் வழியில், ஒருநாள் காலை டவுன் பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஒரு பெண் பைனாகுலரில் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கவனித்தவர், ஒன்றும் கேட்காமலே அதை என்னிடம் நீட்டினார்.

"அந்த மணல் திட்டுல பாருங்க. ஒரு கல்லு மாதிரி தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தா நகரும்."

பொறுத்தேன். கல் நகர்ந்தது; பறவை அது. அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பறவைக் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

குழு என்றால் அக்காவும் அவருடைய மாணவிகள் ஆறேழு பேரும். கல்லூரி அனுமதி மட்டும் கொடுத்தது. வண்டியோ வேறு வசதியோ கொடுக்கவில்லை. விடியற்காலையில் பெண் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்ப எந்த வீட்டிலும் லேசில் சம்மதிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் தானே போனார். காபி குடித்தார், பெண்ணின் அப்பாவோடு மின்வெட்டைப் பற்றிப் பேசினார், அம்மாவோடு சமையலைப் பற்றிப் பேசினார், கடைசியில் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ஒரு வருஷம் இப்படி அலைந்து சேர்த்த குழு அது. சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசையை மாலைப் பூசையாக மாற்றிக்கொள்ளத் தன் அம்மாவிடம் அவர் வாதாடியதைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். எல்லா வீட்டையும்விட அந்த வீடுதான் கடினமாக இருந்ததாம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. எதையும் வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் எனக்கு அன்றைய நாள் முடிந்ததாகத் தோன்றாது. அதனால் குழுவில் பட்டியல் எழுதும் பொறுப்பு, யாரும் தராமலே, எனக்கு வந்து சேர்ந்தது. மாணவிகள் என்னை இன்ஜினியர் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

வாக்மேனோடு அத்திம்பேர் ஒரு கேசட்டும் வாங்கி வந்திருந்தார். எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்திருப்பதை என் கூடப்பிறந்த அக்காள் அவருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். பறவைகளின் குரல்கள் அடங்கிய கேசட்தான். ஆனால் இங்கிலாந்துப் பறவைகள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், நானும் அக்காவும் ஆளுக்கொரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முழுப் பக்கத்தையும் கேட்டோம். கனத்த குரலில் ஓர் ஆள் ஒவ்வொரு பறவையையும் அறிமுகப்படுத்தினார். அவற்றில் திருச்சியில் பார்க்கக்கூடியவை எவை என்று நான் எழுதிக்கொண்டு வந்தேன். சிட்டுக்குருவி தேறியது. கொண்டலாத்தி தேறியது. அதற்கப்புறம் நெடுநேரம் ஒன்றும் தேறவில்லை.

"சிட்டுக்குருவிய அடையாளம் கண்டுபிடிக்க மஸ்கட்லேர்ந்து மிஷின் வரணுமா?" என்றார் அக்கா.

அப்படித்தான் நாங்களே எங்கள் பறவைகளைப் பதிவு செய்துகொள்வது என்று முடிவாயிற்று. வாக்மேனில் கேட்க மட்டும்தான் முடியும். பதிவு செய்ய எங்கள் வீட்டில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது, செங்கல் கனம். மைக் தனி. வெறும் மைக்கை மரத்தை நோக்கி நீட்டினால், பறவையைத் தவிர ஊரிலுள்ள எல்லாச் சத்தமும் பதிவாகிறது. ஒலியை ஒரே புள்ளியில் குவிக்கக் குழிவான பாத்திரம் ஒன்று வேண்டும். சமையலறையில் தேடினேன்.

"ஏண்டீ, விடிஞ்சதும் விடியாததுமா வாணலியைத் தூக்கிண்டு எங்க கிளம்பிட்டே?" என்றாள் அம்மா.

"கொள்ளிடக்கரைக்கு."

"அங்க போய் என்ன பொரிக்கப் போற?"

"ஒண்ணும் பொரிக்கலை. குயிலைப் பிடிக்கப் போறேன்."

"ராம ராமா" என்றாள் அம்மா. பிறகு விளக்கிச் சொன்னதும், "வடை தட்டற நாள்ல மட்டும் எடுக்காதே" என்று அனுமதி கொடுத்தாள். வாணலியின் பிடியில் மைக்கை உட்பக்கம் பார்க்கும்படி கம்பியால் கட்டினேன். எங்கே வைத்தால் குரல் அதிகம் விழுகிறது என்று ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, அதன் டிக் டிக்கைக் கேட்டுக் கேட்டு இடம் கண்டுபிடித்தேன். அடுத்து வந்த வாரங்களில் எங்கள் குழு ஆற்றங்கரையில் வாணலியோடு நடந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. தோப்புக்காரர் ஒருவர் மட்டும், "சமையல் எங்கம்மா, பிக்னிக்கா?" என்று கேட்டார்.

நல்ல பதிவுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அக்காவின் குரலில் பெயரைச் சேர்த்து வேறு கேசட்டுக்கு மாற்றினேன். வாக்மேனில் டேப் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் எண் கிடையாது. தேவையான பறவையைத் தேடி டேப்பை முன்னும் பின்னும் ஓட்டுவதற்குள் மரத்திலிருக்கும் பறவை வேறு ஊருக்குப் போய்விடும். அதனால் திருகாணி போட்ட கேசட்டுகளாக வாங்கி, ஒவ்வொன்றையும் கழற்றி, உள்ளே சில நிமிஷம் ஓடும் அளவுக்கு மட்டும் டேப்பை விட்டு மீதியை வெட்டிவிட்டேன். தண்ணீர், வயல், வாழை, மரம் என்று இடத்துக்கு ஒரு கேசட். நான்கும் என் டிபன் டப்பாவில் அடங்கின. பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னோக்கிச் சுற்றுவதெல்லாம் பென்சிலால்தான். மாணவிகளில் இருவருக்கு அதுவே முழுநேர வேலை.

ஒரு குரல் கேட்கும், பறவை கண்ணில் படாது. உடனே அந்த இடத்துக்கான கேசட்டைப் போடுவோம். காதுக்கருவியின் ஒரு பஞ்சை ஒரு காதில் வைத்து, மறு காதைத் தோப்புக்குக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடுவோம். இரண்டு துளைகள் இருந்ததால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டுச் சரிபார்க்க முடிந்தது. ஓர் அளவை இரண்டு பேர் எடுத்து ஒத்துப்போனால்தான் எங்கள் பிரிவில் கையெழுத்துப் போடுவோம். பறவைக்கும் அதே விதியை வைத்தேன்.

அந்த விதியால்தான் சிக்கல் வந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு. கொள்ளிடக்கரையில் ஓர் அகத்தி மரத்துக்குள்ளிருந்து ஊசிக் குரல் ஒன்று வந்துகொண்டிருந்தது. மாணவிகள் தேன்சிட்டு என்றார்கள். நான் 'மரம்' கேசட்டைப் போட்டு, ஒரு காதுக்கருவியை அக்காவிடம் கொடுத்தேன். அக்காவின் குரல் "தேன்சிட்டு" என்று சொல்லி முடித்தது. பின்னாலேயே சிட்டின் குரல். மரத்தில் கேட்டதேதான்.

"இதுல ஒண்ணும் வரலையேம்மா" என்றார் அக்கா. "வெறும் டேப் ஓடற சத்தம்தான் கேக்குது."

"என்னோடதுல நல்லா கேக்குதுக்கா. இந்தாங்க, மாத்திக்கலாம்."

மாற்றிக்கொண்டோம். மறுபடி ஓட்டினேன்.

"இப்ப?"

அக்கா என் முகத்தையும் மாணவிகள் முகத்தையும் பார்த்தார். "ஆங், இப்ப வருது வருது" என்றார்.

இரண்டாவது துளையில் தொடர்பு சரியில்லை என்று நான் முடிவு கட்டினேன். என் படிப்புக்கும் வேலைக்கும் அதைத் தவிர வேறொன்று தோன்றியிருக்க முடியாது. ஒரு முனையில் சத்தம் வருகிறது, மறு முனையில் வரவில்லை, பிடுங்கி மாற்றி மாட்டினால் இரண்டிலும் வருகிறது. இதற்கு ஒரே விளக்கம்தான்.

அன்று மாலையே சோதிக்க வேண்டியவற்றை வரிசையாக எழுதினேன். துளை, ஒயர், டேப்பைத் தொட்டுப் படிக்கும் தலை, அந்தத் தலையின் சாய்வு, பேட்டரி. துளையைத் திறந்து பற்றவைத்த இடத்தை மீண்டும் பற்றவைத்தேன். அடுத்த ஞாயிறு அக்கா கேட்டுவிட்டு, "பிரமாதமா இருக்கு" என்றார். அரை மணி கழித்து அதே கேசட்டில் பூக்கொத்தியைப் போட்டபோது, எனக்கு முன்னாலேயே தலையாட்டினார். டேப்பில் அக்காவின் குரல் பெயரைத்தான் சொல்லியிருந்தது, பறவை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நான் அதையும் கருவியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன். விட்டு விட்டு வரும் கோளாறு என்று. எங்கள் தொழிலில் அதுதான் ஆகப் பெரிய தலைவலி.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் தலையைத் துடைத்தேன். தலையின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். ஆகவே மெல்லிய திருப்புளியால் அதைத் திருகி, கேட்டு, திருகிச் சரிசெய்தேன். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. என் தம்பி, "வாக்மேனுக்கு வைத்தியம் பாக்கறியா, இல்ல ஆபரேஷனா?" என்று கேட்டான்.

பிறகு ஒரு ஞாயிறு விசித்திரமான ஒன்று நடந்தது. அன்று பேட்டரி தீர்ந்துபோகும் நிலை. டேப் இழுத்து இழுத்து ஓடியது. அக்காவின் குரலே ஏதோ ஓர் ஆண்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. கழற்றப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு இரு. இன்னைக்குத்தான் சரியா கேக்குது."

"என்னக்கா, இழுக்குதே?"

"இழுக்கட்டும். தேன்சிட்டு நல்லா வருது பாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தலையைச் சொறிந்துகொண்டேன். வழியில் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டதும், டேப் ஒழுங்காக ஓடியது. அக்காவுக்கு மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் கொடுத்த பேட்டரிதான் மட்டம் என்று எழுதிக்கொண்டேன். என் பட்டியலில் அதைவிட முட்டாள்தனமான வரி வேறு கிடையாது.

கடைசியில், கருவியை முறைப்படி சோதித்துவிடுவது என்று தீர்மானித்தேன். எங்கள் பிரிவில் வேண்டிய ஸ்தாயியில் ஒலி எழுப்பும் கருவி ஒன்று இருந்தது. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, மதிய உணவு இடைவேளையில் ஒரு கேசட் தயார் செய்தேன். கீழ் ஸ்தாயியில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே போகும் பத்து ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு என்று என் குரலில் எண்.

பாலக்கரையில் அக்கா வீட்டு மாடியில், சனிக்கிழமை சாயங்காலம், இருவரும் காதுக்கருவிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். கீழே தெருவில் கை வண்டிகளின் சத்தம். அவருடைய அம்மா கொண்டுவந்து வைத்த கேக் நடுவில் இருந்தது.

"ஒவ்வொரு சத்தமும் கேக்கறப்ப விரலைத் தூக்குங்கக்கா. எந்தத் துளையில எது வரலைன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

ஐந்து வரை அக்காவின் விரல் ஒழுங்காக எழுந்தது. ஆறில் தயங்கி எழுந்தது. ஏழு என்று என் குரல் டேப்பில் சொன்னது. எனக்குக் கேட்டது. அக்காவின் விரல் மடியிலேயே இருந்தது. எட்டு, ஒன்பது. பத்து எனக்கும் நூலிழையாகத்தான் கேட்டது. காதுக்கருவிகளை மாற்றினோம். துளைகளை மாற்றினோம். எப்படி மாற்றினாலும் என் காதில் பத்து, அவர் காதில் ஆறு.

எங்கள் தொழிலில், எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகு மாறாமல் மிச்சமிருப்பதுதான் கோளாறு. என்ன மிச்சமிருந்தது என்று எனக்குப் புரிந்தபோது நான் வாக்மேனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார் அக்கா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"ஒரு ரெண்டு வருஷமா தேன்சிட்டெல்லாம் கொறைஞ்சு போச்சுன்னு நெனைச்சுட்டிருந்தேன். மருந்தடிக்கிறாங்களே, அதனாலன்னு. அப்புறம் பிள்ளைங்கல்லாம் கேக்குது கேக்குதுன்னு சொல்லவும்தான் தெரிஞ்சுது, கொறைஞ்சது குருவி இல்லைன்னு."

"ஆறு வாரமா நான் அதைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்வளவு ஆசையா ரிப்பேர் பண்ணிட்டு வந்து நீட்டுவே. உன் மனசை எதுக்குக் கஷ்டப்படுத்தறதுன்னு விட்டுட்டேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கேக்கை வெட்டிக்கொண்டே மீதியைச் சொன்னார். பள்ளிக்கூட நாளில் நெடுங்காய்ச்சல் வந்து நிறைய ஊசி போட்டார்களாம். அது அன்றைக்குச் செய்த வேலை இப்போது மெல்ல வெளியே வந்திருக்கலாம் என்று காது டாக்டர் சொன்னாராம். நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை. பேச்சு கேட்பதில் குறையில்லை, வாழ்க்கைக்கு இது போதும் என்றாராம்.

"அவர் வாழ்க்கைல தேன்சிட்டு கிடையாது போலருக்கு" என்றார் அக்கா. கத்தியைத் துடைத்து வைத்தார். "பொங்கலுக்கு அப்புறம் குரூப்பை நீ எடுத்துக்கோ. நான் தீர்மானம் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"பாதிக் குருவி கேக்காதவ எப்படிக் குருவி காட்டப் போறது? இப்பவே பிள்ளைங்க சொல்றதுக்கு சும்மா மண்டைய ஆட்டிட்டிருக்கேன். எத்தனை நாளைக்கு ஆட்டறது? அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள மரியாதையா வெளிய வந்துடறேன்."

எத்தனை வீட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே பேசிப் பேசி சேர்த்த குழு அது. அதை கேக் தட்டை நகர்த்துவது போல என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

அன்று இரவே பேட்டரி விஷயம் எனக்கு விளங்கியது. டேப் மெதுவாக ஓடினால் ஸ்தாயி இறங்கும். ஏழாம் படியில் இருக்கும் குரல் அக்காவுக்கு எட்டும் படிக்கு வந்துவிடும். வாக்மேனின் மோட்டாரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஊசிமுனை அளவில் ஒரு திருகு உண்டு. அதைத் திருகி வேகத்தைக் குறைத்து, அடுத்த வாரம் கொண்டுபோனேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேசட்டையும் கேட்டார். தேன்சிட்டு, பூக்கொத்தி, சிறிய மீன்கொத்தி பறந்துபோகும்போது விடும் கீச்சு.

"எல்லாத்துக்கும் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். "ஆனா வருது. எல்லாம் வருது." மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்ட பிறகு காதுக்கருவியைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றி என்னிடம் தந்தார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கே. ஆனா ஞாயித்துக்கிழமை மரத்துல இருக்கறது எனக்காக மெதுவா பாடாதே."

அதற்கு என்னிடம் திருகு இல்லை.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு ஜீயபுரம் போனோம். அக்காவின் கணக்கில் அது கடைசி. மாணவிகளுக்கு அது தெரியாது. அவர்கள் பஸ்ஸில் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் கரையோடு நடந்தோம். பனி இன்னும் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் அடியில் போய் நின்றதும் மரமே பாட ஆரம்பித்தது.

முதலில் கொண்டைக்குருவி. எழுதிக்கொண்டேன். தையல்சிட்டு. எழுதினேன். இரட்டைவால் குருவியின் கரகரப்பு. மாம்பழச்சிட்டின் சீழ்க்கை. மாணவிகள் துள்ளினார்கள். 'மரம்' கேசட்டைப் போட்டு ஒருத்தி சரிபார்த்தாள், இன்னொருத்தி அவளைச் சரிபார்த்தாள். எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின. தேன்சிட்டு வந்தது. அதற்கு மேல் வல்லூறு ஒன்று வேறு கத்தியது. ஒரே மரத்தில் அத்தனை பறவைகளை நாங்கள் அதுவரை எழுதியதே இல்லை.

அக்கா மட்டும் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தார்.

"எத்தனை எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

"இந்த மரத்துல மட்டும் ஆறு."

"ஒண்ணு" என்றார் அக்கா.

"என்ன மிஸ் ஒண்ணு?" என்றாள் காதுக்கருவி மாட்டியிருந்தவள். "ஆறும் டேப்போட கரெக்டா இருக்கு. நான் செக் பண்ணிட்டேன்."

"வல்லூறு கத்தினா மத்த குருவிங்கள்லாம் என்ன பண்ணும்?"

"ஒளிஞ்சுக்கும்."

"இங்க எது ஒளிஞ்சுது? கத்தின அடுத்த நிமிஷமே கொண்டைக்குருவி ஜாலியா பாடுது. வா, இங்க நின்னு பாரு. அந்த ரெண்டாவது கிளை, இலை ஆடுது பாரு."

ஒவ்வொருவராகப் பார்த்தோம். இலையின் பச்சையையே உடம்பாகக் கொண்ட ஒரு சின்னப் பறவை. தாடையில் மட்டும் கறுப்பு. புத்தகத்தில் பார்த்திருக்கிறோம், மற்றப் பறவைகளின் குரலை எல்லாம் திருப்பிச் சொல்லும் என்று படித்தும் இருக்கிறோம். அது கழுத்தை நீட்டி வல்லூறாகக் கத்தியது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, தையல்சிட்டாக மாறியது.

"அடப்பாவி" என்றாள் ஒருத்தி மெதுவாக.

"மிஸ், டேப்ல செக் பண்ணியும் எங்களால கண்டுபிடிக்க முடியலை. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அக்கா பைனாகுலரை இறக்கினார். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் முழுசா கேட்டுது. எனக்கு நடுநடுவுல கேக்கலை. கொண்டைக்குருவி கேட்டுது. அப்புறம் ஒண்ணுமே இல்லை, ஆனா அதே குருவி வாயை மட்டும் அசைக்குது. நீங்க தேன்சிட்டு தேன்சிட்டுன்னு குதிக்கிறீங்க. எனக்குத் தேன்சிட்டு கேக்கறதில்லை, ரெண்டு வருஷமா. ரொம்ப மேல போற சத்தம் எதுவும் கேக்காது. அதனால வாயையே பாத்துட்டிருந்தேன்."

மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எப்போதும் வாய் நீளமாக இருக்கும் பெண்தான் கேட்டாள்.

"மிஸ், அப்ப கிளாஸ்ல நாங்க கடைசி பெஞ்சுல குசுகுசுன்னு பேசறது?"

"அது நல்லா கேக்கும்."

"எல்லாமேவா?"

"போன செவ்வாக்கிழமை என் புடவையைப் பத்திப் பேசினது உள்பட."

அந்தப் பெண் இலுப்பை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் பச்சைப் பறவை பறந்தே போய்விட்டது.

திரும்பி நடக்கும்போது மாணவிகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டே முன்னால் போனார்கள். அதில் ஒருத்தி நின்று, "மிஸ், இனிமே மேல போற சத்தம் வந்தா நாங்க கையைத் தூக்கறோம். நீங்க எங்கன்னு தேடுங்க" என்றாள். அக்கா, "சரி, ஆனா வாயையும் மூடிக்கணும்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாளாக அவர் பயந்துகொண்டிருந்த விஷயம் வாய்க்கால் கரையில் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, பொங்கலுக்கு அப்புறம்?"

"பொங்கலுக்கு அப்புறம் நீ லிஸ்டை ஒழுங்கா எழுதக் கத்துக்கோ. ஒரு குருவிய ஆறா எழுதற ஆளுகிட்ட குரூப்பைக் குடுத்துட்டு நான் வீட்ல எப்படி நிம்மதியா உக்காந்திருக்கறது?"

அந்த அவமானத்தை நான் மிகவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். பட்டியலை எடுத்து, இலுப்பை மரத்துப் பெயர்கள் ஆறையும் அடித்து, பச்சைப் பறவையை எழுதினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தேன்சிட்டை ஏன் இன்ஜினியர் அக்கா அடிக்கிறீங்க? மரத்துல கேட்டது பொய்யி, சரி. அதுக்கு முன்னாடியே வாழைத் தோட்டத்துக்குள்ள ஒண்ணு கேட்டுது. நிஜத் தேன்சிட்டு."

"அதுவும் இதே பச்சையோட வேலையா இருக்கும்" என்றாள் மற்றவள்.

"இல்லை. அது வேற பக்கம்."

"நீ பாத்தியா?"

"கேட்டேன்."

இருவரும் அக்காவிடம் திரும்பினார்கள். கரூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் பஸ் வருவது தெரிந்தது. அக்கா பஸ்ஸைப் பார்த்தார், வாழைத் தோட்டத்தைப் பார்த்தார், பைனாகுலரை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"கேட்டா போதாது. வா, எங்கேன்னு காட்டு" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். நாங்கள் பின்னால் போனோம். பஸ் எங்களுக்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வாழைப்பூ ஒன்றின் மடலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த அதை முதலில் பார்த்தது அக்காதான். அடித்த பெயரை மறுபடி எழுதினேன். அடுத்த பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.